நாரைகளின் பிழையற்ற ஆண்டு

போர்ட் கெல்சி நாரைகள் அந்த ஆண்டு ஆடிய நூற்று அறுபத்திரண்டு பேஸ்பால் ஆட்டங்களில் நூற்று இருபதில் தோற்றார்கள். அதே ஆண்டு அவர்கள் களத்தில் ஒரு பிழைகூடச் செய்யவில்லை. இரண்டுமே ஏட்டில் இருக்கின்றன. ஏட்டில் எழுதிய கை ஆர்லன் புஜாக்குடையது.

ஆர்லன் முப்பது வருடம் உயர்நிலைப் பள்ளியில் வடிவியல் நடத்தி ஓய்வு பெற்றவர். ஏரிக்கரை மைதானத்தின் செய்தியாளர் மாடத்தில் இடமிருந்து மூன்றாவது நாற்காலி இருபத்திரண்டு கோடைகளாக அவருக்குரியது. முன்னால் ஒரு மைக், ஒரு பென்சில், ஒரு தொலைநோக்கி. அவரை நியமித்தது போட்டிகளை நடத்தும் லீக், அணி அல்ல. களத்தில் நடப்பதற்குப் பெயர் வைப்பது அவர் வேலை.

அது என்ன வேலை என்பதைக் கொஞ்சம் நிதானமாகச் சொன்னால்தான் மற்றது விளங்கும். ஒருவர் பந்தை அடித்துவிட்டு நான்கு தளங்களில் முதலாவதுக்குப் பத்திரமாக ஓடிச் சேர்ந்துவிட்டார் என்று வையுங்கள். அது அடித்தவரின் திறமையா, பிடிக்க வேண்டியவரின் தவறா? திறமை என்றால் ‘ஹிட்’. தவறு என்றால் ‘பிழை’. இதைக் களத்தில் நிற்கும் நடுவர் தீர்மானிப்பதில்லை. மாடத்தில் உட்கார்ந்திருக்கும் பதிவாளர் மைக்கில் ஒரு சொல் சொல்வார், பலகையில் ஒரு விளக்கு எரியும். ஆனால் அந்த ஒரு சொல் ஒரு பல்சக்கரம். அதைத் திருப்பினால் பின்னால் வரிசையாக எல்லாம் சுழலும். பிழை என்றால் பந்தை விட்டவர் பெயரில் ஒரு கோடு விழும். அதனால் வந்த ஓட்டம் பந்து வீசியவரின் கணக்கில் ஏறாது. ஹிட் என்றால் விட்டவர் உத்தமர். ஓட்டம் முழுவதும் வீசியவர் தலையில். ஒரு முழு ஆட்டத்துக்கு, அதாவது ஒன்பது இன்னிங்ஸுக்கு, சராசரியாக எத்தனை ஓட்டம் கொடுக்கிறார் என்கிற எண்தான் ஒரு பந்துவீச்சாளரின் ஜாதகம். நான்கு என்றால் குரு பார்வை. ஆறு என்றால் சனி.

ஹிட்டையும் பிழையையும் எப்படிப் பிரிப்பது? விதிப்புத்தகத்தில் அதற்கு இரண்டே சொற்கள் உண்டு: ‘சாதாரண முயற்சி’. அந்த லீக்கில் அந்த இடத்தில் ஆடும் சராசரி வீரர் ஒருவர் சாதாரண முயற்சியில் பிடித்திருக்கக்கூடிய பந்தை விட்டால், பிழை. ஆர்லன் இந்த இரண்டு சொற்களை நம்பி இருபத்திரண்டு வருடம் பிழை சொல்லியே பிழைத்தவர்.

ஏப்ரல் முதல் ஆட்டத்தில் அவர் ஐந்து முறை பிழை சொன்னார். மூன்று, கோல்பி ஸ்டான்சில் பெயரில். இரண்டாம் தளத்துக்கும் மூன்றாம் தளத்துக்கும் நடுவே நிற்பவரை ஷார்ட்ஸ்டாப் என்பார்கள். ஏட்டில் அவர் எண் ஆறு. பந்து அதிகம் வரும் இடம் அதுதான். நாரைகள் எட்டு வருட ஒப்பந்தத்தில் அங்கே நிறுத்தியிருந்தது ஸ்டான்சிலை. பார்க்க மிக அழகானவர். சுவரொட்டிகளில் அவர் குனிந்து பந்தை எடுப்பது போன்ற படம் இருக்கும். அந்தப் படத்தில் பந்து பின்னால் வரைந்து சேர்த்தது.

ஆட்டம் முடிந்ததும் அணியின் தலைமை நிர்வாகி ப்ரெஸ்டன் ஓக்லி மாடத்துக்கு ஏறி வந்தார். முப்பத்து நான்கு வயது. வெயிலிலும் கையில்லாத பஞ்சு மேல்சட்டை போடுபவர்.

“ஆர்லன், அந்த அஞ்சையும் பிழைன்னு எப்படிச் சொல்றீங்க?”

“பந்து கையில வந்து விழுந்துச்சு. கீழ விட்டாங்க.”

“சாதாரண முயற்சில பிடிச்சிருக்கலாம்கறீங்க.”

“என்கிட்ட வடிவியல் படிச்ச பசங்களே பிடிச்சிருப்பாங்க.”

“சரி. யாருக்குச் சாதாரணம்?”

ஆர்லன் புத்தகத்தைப் புரட்டினார். “லீக்ல அந்த இடத்துல ஆடுற சராசரி வீரருக்கு.”

“எங்க கோல்பி அந்த லீக்ல இருக்காரா, இல்லையா?”

“இருக்கார்.”

“அப்ப சராசரில அவரும் உண்டு. அவர் விட விட சராசரி இறங்கும். இறங்க இறங்க, விடறதே சாதாரணம் ஆயிடும். எப்படியும் ஒரு நாள் எல்லாரும் வந்து சேரப்போற இடம்தான். நாங்க கொஞ்சம் முன்னாடியே வந்துட்டோம், அவ்வளவுதான்.”

ஆர்லன் முப்பது வருடம் நிரூபணங்களைத் திருத்தியவர். இதில் எந்த வரியில் சிவப்பு மை வைப்பது என்று வீடு போய்ச் சேரும்வரை தேடினார். கிடைக்கவில்லை.

மறுநாள் ஓக்லி செய்தியாளர்களைக் கூட்டினார்.

“இந்த வருஷம் ஜெயிக்கறதை நாங்க இலக்கா வச்சுக்கல,” என்றார். “ஜெயிக்கறதும் தோக்கறதும் எதிரணியையும் பொறுத்த விஷயம். நம்ம கையில இல்லாததுக்கு நாம எதுக்குப் பொறுப்பேத்துக்கணும்? ஆனா பிழை முழுக்க முழுக்க நம்முடையது. அதனால இது நாரைகளோட பிழையற்ற ஆண்டு.”

உள்ளூர் நாளிதழின் மார்லீன் ஹூபர் கை தூக்கினார். மாடத்தில் ஆர்லனுக்கு அடுத்த நாற்காலி அவருடையது. “அப்ப, பந்தைப் பிடிக்கக் கத்துக்கொடுக்கப் போறீங்களா?”

“அது ஒரு வழி,” என்றார் ஓக்லி. “மெதுவான வழி.”

வேகமான வழி இரண்டு. ஒன்று, பியரோகி. உருளைக்கிழங்கும் பாலாடைக்கட்டியும் அடைத்து அவித்து வெண்ணெயில் புரட்டிய கொழுக்கட்டை அது. போர்ட் கெல்சியில் கல்யாணத்துக்கும் அதுதான், கருமாதிக்கும் அதுதான். பிழையில்லாமல் முடிகிற ஒவ்வொரு ஆட்டத்துக்கும் டிக்கெட்டைக் காட்டினால் மறுநாள் அரை டஜன் பியரோகி இலவசம் என்று ஒரு கடையோடு ஒப்பந்தமாயிற்று. அன்றுமுதல் சொந்த அணி பந்தை விட்டால் ஊரே எழுந்து நின்று “ஹிட்! ஹிட்!” என்று கத்தியது. தொண்டை கிழியக் கத்தியவர்களில் ஆர்லனின் பழைய மாணவர்களும் இருந்தார்கள். வடிவியலில் தேறியவர்கள்.

இரண்டாவது, மேல்முறையீடு. பதிவாளரின் தீர்ப்பு பிடிக்காவிட்டால் அணி லீக்குக்கு எழுதலாம். நாரைகள் ஏப்ரலின் இருபத்தொன்பது பிழைகளுக்கும் எழுதினார்கள், ஒவ்வொன்றுக்கும் அறுபது பக்கம். லீக்கின் மறுபார்வை அலுவலகத்தில் மூன்று பேர். ஆயிரத்து எழுநூற்று நாற்பது பக்கம் மேசைமேல் வந்து உட்கார்ந்ததும் அவர்கள் ஒரு வியாழக்கிழமை மதிய உணவுக்கு முன் இருபத்தொன்பதையும் ஹிட் ஆக்கிவிட்டார்கள். ஆனால் லீக் என்பது இயந்திரம். ஒரு பக்கம் திருகினால் மறுபக்கம் ஏதாவது வெளியே வரும். மாற்றப்பட்ட தீர்ப்புகளை எண்ணிப் பார்த்து அது ஆர்லனுக்கு ஒரு கடிதம் துப்பியது. அவருடைய துல்லியம் எட்டு சதவீதம். எண்பதுக்குக் கீழே உள்ளவர்களின் நாற்காலி ஜூன் மாதம் வேறொருவருக்குப் போகும்.

ஆர்லன் கடிதத்தை இரண்டு முறை படித்தார். மே மூன்றாம் தேதி, ஸ்டான்சிலின் கையுறையில் பட்டு ஒரு பந்து தாடையில் ஏறியது. ஆர்லன் மைக்கை அழுத்தி, “ஹிட்” என்றார். மைதானம் ஆரவாரித்தது. அவரைப் பார்த்து மக்கள் கை தட்டியது இருபத்திரண்டு வருடத்தில் அதுவே முதல் முறை.

“எப்படி இருக்கு?” என்று கேட்டார் மார்லீன், தட்டச்சிலிருந்து கண்ணை எடுக்காமல்.

“எது?”

“மனசாட்சியை வித்துட்டு வெறுங்கையோட உக்காந்திருக்கறது.”

“நாற்காலி இருக்கே,” என்றார் ஆர்லன்.

இதற்குமேல் போக வேண்டிய தேவையில்லை என்று நீங்களும் நானும் நினைப்போம். ஆனால் ஒரு நிர்வாகத்துக்கு வெற்றி கிடைத்துவிட்டால் அதற்குக் கொள்கை வேண்டியிருக்கிறது. விதிப்புத்தகத்தில் இன்னொரு வரி உண்டு, உண்மையாகவே உண்டு: மூளையின் தவறு பிழை ஆகாது. எத்தனை பேர் அவுட் என்பதை மறந்து ஒருவர் பந்தை ரசிகருக்குப் பரிசாகத் தூக்கிப் போட்டுவிட்டால், அவர் கை தவறு செய்யவில்லை, யோசனைதான் தவறியது. அதற்குக் கோடு கிடையாது. நல்ல நோக்கத்தோடு யாரோ எழுதிய வரி. ஓக்லி அதை ஜூன் மாதம் கண்டுபிடித்தார். அப்புறம் ‘மனநிலைப் படிவம்’ வந்தது. பந்தை விட்ட வீரர், ‘அந்நேரத்தில் என் மனதில் இருந்தது’ என்ற தலைப்பின் கீழ் ஒரு வரி நிரப்ப வேண்டும். மனதில் வேறேதோ இருந்தது நிரூபணமானால், விட்டது மூளை, கை அல்ல. ஸ்டான்சில் முப்பத்தொரு படிவங்களில் ‘படகு’ என்று எழுதினார். வலது மூலையில் நிற்பவர் ஒன்றும் எழுதாமல் கொடுத்தார். வெறுமையும் ஒரு மனநிலையே என்று அலுவலகம் முத்திரை குத்தி வாங்கிக்கொண்டது. வெளியூர் மைதானங்களில் மற்ற பதிவாளர்கள் சொன்ன பிழைகளும் இதே படிவத்தால் அழிந்தன.

ஜூலையில் ஸ்டான்சில் முதல் தளத்தைப் பார்த்து எறிந்த பந்து பன்னிரண்டாம் வரிசையில் ஹாட்டாக் விற்றுக்கொண்டிருந்தவரின் நெற்றியில் போய் நின்றது.

“ஹிட்,” என்றார் ஆர்லன்.

“ஒத்துக்கறேன்,” என்றார் மார்லீன். “கடுகுச் சாந்தோட சாய்ஞ்சுட்டான் பாரு.”

வெளியூர் அணிகளின் மட்டையாளர்கள் போர்ட் கெல்சிக்கு வருவதென்றால் தீபாவளிக்குத் தாய்வீடு போவதுபோல வந்தார்கள். தட்டிவிட்ட பந்தெல்லாம் ஹிட். ஊருக்குத் திரும்பும்முன் மாடத்தைப் பார்த்துத் தலைக்கவசத்தைக் கழற்றிக் கும்பிடு போட்டார்கள். இதற்கெல்லாம் யாரோ ஒருவர் கணக்குத் தீர்க்க வேண்டும் அல்லவா? சக்கரம் அப்படித்தானே செய்யப்பட்டிருக்கிறது.

ராய்ஸ் டக்கெட் என்ற பந்துவீச்சாளரை ஆர்லன் மின்தூக்கியில் சந்தித்தது ஆகஸ்ட் நடுவில். கென்டக்கிக்காரர், முப்பத்தைந்து வயது. பன்னிரண்டு வருடம் சிறு ஊர் அணிகளின் பேருந்துகளில் தூங்கி எழுந்து, இந்த வருடம்தான் பெரிய லீக்குக்கு வந்தவர். தோளில் பனிக்கட்டிப் பை கட்டியிருந்தது. கதவு மூடியதும் ஆர்லன் தன் காலணியைப் பார்த்தார்.

“சார், நீங்கதானே மூணாவது நாற்காலி?”

“ஆமா.”

“நேத்து நாலாவது இன்னிங்ஸ். பந்து அவன் ரெண்டு காலுக்கு நடுவுல போச்சு. என் பாட்டியோட பூனை பிடிச்சிருக்கும். அது ஹிட்டா?”

“அவர் யோசிச்சுக்கிட்டு இருந்தாராம்.”

“என்னத்தை?”

“படகு.”

டக்கெட் தோளிலிருந்த பையைச் சரிசெய்துகொண்டார். “எனக்குக் கோபமில்ல சார். தெரிஞ்சுக்கத்தான் கேட்டேன். என் எண் இப்ப ஏழு புள்ளி ஆறு. ஏழுக்கு மேல இருக்கறவங்களுக்கு அடுத்த வருஷம் கதவு கிடையாதுன்னு ஓக்லி சொல்லிட்டாரு. யாரும் மனசு நோகக் கூடாதாம், அதனால எண்ணே முடிவு பண்ணிடுமாம். இந்த வயசுல இங்கிருந்து வெளிய போனா இன்னொரு கதவு திறக்காது. அதனால... எண்ணைப் போடறவர் முகத்தை ஒரு தடவை பார்க்கணும்னு தோணுச்சு.”

கதவு திறந்தது. பார்த்துவிட்டுப் போனார்.

அன்று வீட்டில் ஆர்லன் ஒரு காகிதத்தில், டக்கெட் கணக்கில் ஏறிய ஓட்டங்களில் எத்தனை ஸ்டான்சிலின் படகில் வந்தவை என்று எண்ணினார். முப்பத்து நான்கு. காகிதத்தை மடித்துக் குப்பையில் போட்டார். மறுநாள் ஆட்டத்தில் மூன்று முறை “ஹிட்” என்றார்.

கடைசி ஆட்டம், செப்டம்பர் கடைசி ஞாயிறு, மதியம். நாரைகள் நூற்றுப் பத்தொன்பது தோல்வியில் நின்றார்கள். பிழை, சுழி. தலைமை வாயிலில் ‘பிழையற்ற ஆண்டு’ என்று வெண்கலக் கோப்பை ஒன்றைத் துணி போட்டு மூடி வைத்திருந்தார்கள். டக்கெட்டின் எண் ஏழு புள்ளி முப்பத்தொன்பது. அன்று அவர்தான் வீசினார்.

அவர் முறை வேறு மாதிரி இருந்தது. யாருடைய கையுறையையும் நம்பக் கூடாது என்று முடிவு செய்தவர்போல வீசினார். பந்து அடிபடாவிட்டால் யாரும் பிடிக்க வேண்டாம். அடிபட்டாலும் வலது பக்கம் சிறிதாக எழும்பினால் தானே ஓடிப் பிடித்துவிடலாம். ஒரு மனிதர் எட்டு பேருக்குத் தெரியாமல் தனியாக ஆடினார். ஏழாவது இன்னிங்ஸ் முடிந்தபோது மார்லீன் தட்டச்சை நிறுத்தினார். எதிரணிக்கு ஒரு ஹிட்டும் இல்லை.

ஹிட்டே கொடுக்காமல் ஒன்பது இன்னிங்ஸ் வீசி முடிப்பது இந்த ஆட்டத்தில் அரிதிலும் அரிது. முடித்தவர் பெயர் ஏட்டில் நிற்கும். அவர் பேரன் வந்து விரல் வைத்துக் காட்டலாம். நடக்கும்போது அதைப் பற்றி யாரும் வாய் திறக்கக் கூடாது, திறந்தால் கண்பட்டுவிடும். வீரர்களின் கொட்டகையில் டக்கெட் பக்கத்தில் ஒருவரும் உட்காரவில்லை. ஸ்டான்சில் மட்டும், எல்லாரும் ஏன் இவ்வளவு அமைதியாக இருக்கிறார்கள் என்று பக்கத்தில் விசாரித்தார்.

ஒன்பதாவது இன்னிங்ஸின் முதல் பாதி. ஆட்டம் சுழிக்குச் சுழி. இருபத்தாறு பேர் வந்தார்கள், இருபத்தாறு பேரும் அவுட். இன்னும் ஒரே ஒருவர். எதிரணிக்கு ஆறு மணிக்கு விமானம். அந்த ஒருவர் வந்த பந்தை அவசரமாகத் தட்டிவிட்டார். பந்து நேரே ஸ்டான்சிலை நோக்கி, வெயிலில் படுத்திருந்த நாய் எழுந்து வருவதுபோல நிதானமாக உருண்டு வந்தது. ஸ்டான்சில் சுவரொட்டியில் குனிவதுபோலவே குனிந்தார். பந்து இரண்டு கால்களுக்கு நடுவே புகுந்து பின்னால் போனது. இடது மூலையில் நிற்பவர் இத்தனை எளிய பந்துக்குப் பிறகு ஆட்டம் இருக்காது என்று நம்பிக் கொட்டகைக்கு நடக்க ஆரம்பித்திருந்தார். அது மூளையின் தவறு, கோடு கிடையாது. அடித்தவர் நான்கு தளங்களையும் சுற்றி வந்துவிட்டார். எதிரணி ஒன்று, நாரைகள் சுழி.

மைதானம் இரண்டாகப் பிளந்தது. பாதிப் பேர் டக்கெட்டைப் பார்த்தார்கள். மறு பாதி கையில் டிக்கெட்டைத் தூக்கிப் பிடித்து “பியரோகி! பியரோகி!” என்றார்கள். கொஞ்ச நேரத்தில் அந்தப் பாதி முக்கால் ஆனது.

ஆர்லனின் மேசைத் தொலைபேசி அடித்தது. ஓக்லி.

“ஆர்லன், அது ஹிட்தானே?”

“ஹிட்னா அவரோட ஆட்டம் போயிடும்.”

“எவரோட ஆட்டம்?”

“டக்கெட். ஹிட்டே கொடுக்கல, இதுவரைக்கும்.”

மறுமுனையில் யாரோ யாரிடமோ கேட்கும் சத்தம். திரும்பி வந்த குரலில் தேன் ஏறியிருந்தது. “அப்படியா? யாருமே சொல்லலியே! ஆர்லன், பொறுங்க. அதுல நிறைய விஷயம் இருக்கு, ஞாபகச் சட்டை, தொப்பி... ஹிட் வேண்டாம். ஆனா பிழையும் வேண்டாம், கோப்பை வார்த்தாச்சு. ரெண்டும் இல்லாம வேற எதாவது இருக்கா?”

“இல்ல.”

“நல்லா யோசிங்க. உங்க புத்தகம் எவ்வளவு தடிமன்!”

ஆர்லன் கீழே பார்த்தார். டக்கெட் பந்து வீசும் மேட்டில் நின்று பலகையைப் பார்க்கவில்லை. தலையை நிமிர்த்தி மாடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆர்லனுக்குக் கணக்கு ஓடியது. பிழை என்றால் இந்த ஓட்டம் அவர் தலையில் ஏறாது. எண் ஆறு புள்ளி தொண்ணூற்றைந்தில் வந்து நிற்கும். ஏழுக்குக் கீழே. கதவு திறக்கும். ஹிட் என்றால் பெயரும் போய்விடும், கதவும் போய்விடும்.

அவர் தொலைபேசியை மேசையில் கவிழ்த்தார். மைக்கை அழுத்தினார்.

“பிழை. ஆறு.”

பலகையில் மே மாதத்திலிருந்து எரியாத விளக்கு ஒரு முறை விக்கி எரிந்தது. பியரோகிக்காரர்கள் காகிதக் கோப்பைகளை மாடத்தை நோக்கி எறிந்தார்கள். டக்கெட் அடுத்தவரை மூன்றே பந்தில் அனுப்பினார். பிறகு நாரைகள் மட்டையெடுத்து வரிசையாக மூன்று பேர் அவுட் ஆனார்கள். ஒரு ஹிட்டும் கொடுக்காமல் ஒன்றுக்குச் சுழி என்று தோற்றார்கள். நூற்று இருபது.

“ஆர்லன்,” என்றார் மார்லீன். “உன்னை எனக்கு இப்பக் கொஞ்சம் பிடிக்குது. சீக்கிரம் சரியாயிடும், கவலைப்படாதே.”

மறுபார்வை திங்கள் காலை ஒன்பது மணிக்கு, அணியின் கூட்ட அறையில். லீக்கின் துணைத் தலைவர் லார்க்கின் பிரிஸ்கோ திரையில் தோன்றினார். மேசையின் ஒரு பக்கம் ஓக்லி, ஸ்டான்சிலின் படிவத்தோடு. எதிரே ஆர்லன்.

“முதல்ல வாழ்த்துக்கள்,” என்றார் பிரிஸ்கோ. “ஹிட் இல்லாத ஆட்டம் விளையாட்டுக்கே பெருமை. நாங்க திறந்த மனசோட விசாரிக்க வந்திருக்கோம். ஆனா சட்டை நேத்து சாயங்காலமே அச்சுக்குப் போயிடுச்சு. அதனால அது ஹிட்டுன்னு முடிவு பண்ண முடியாது.”

“எங்களுக்கும் திறந்த மனசுதான்,” என்றார் ஓக்லி. “கோப்பை வெண்கலம். அழிக்க முடியாது. கோல்பியோட படிவம் இருக்கு. ‘படகை விற்கலாமா’ன்னு யோசிச்சிருக்காரு. இதுவரைக்கும் வெறும் ‘படகு’தான். இவ்வளவு ஆழமா அவர் யோசிச்சதே இல்ல.”

“அப்ப கை தவறல.”

“கை கிட்டவே போகலியே.”

பிரிஸ்கோ தலையசைத்தார். “புஜாக், ‘பிழை’ங்கற சொல்லைச் சொன்னது யாரு?”

“நான்.”

“வேற யாராவது சொன்னாங்களா?”

“இல்ல. அது என் வேலை.”

“நீங்க சொல்றதுக்கு முன்னாடி களத்துல பிழை இருந்துச்சா?”

“பந்து காலுக்கு நடுவுல போச்சு.”

“அது சம்பவம். நான் பிழையைக் கேக்கறேன். விளக்கு எப்ப எரிஞ்சுது?”

“நான் சொன்னப்புறம்.”

“கால வரிசைப்படி பார்த்தா அந்தப் பிழை உங்ககிட்டதான் ஆரம்பிச்சிருக்கு.” பிரிஸ்கோவின் முகத்தில் ஒரு முடிச்சு அவிழ்ந்த நிம்மதி. “பிழை உண்டு. வீரர் யாரும் செய்யல. பதிவாளர் பெயர்ல போட்டுக்கலாம். எல்லாருக்கும் நியாயம்.”

ஓக்லி எழுந்து நின்று கை தட்டினார். ஆர்லன் ஆசிரியராக இருந்த காலத்தில் விடைத்தாள் கட்டைப் பார்ப்பதுபோலத் திரையைப் பார்த்தார். தன் பெயரில் ஒரு கோடு விழுவது அவருக்குப் பெரிதாகப் படவில்லை. இன்னொன்று உறைத்தது.

“என் பேர்லயே இருக்கட்டும். ஆனா பிழையால வந்த ஓட்டம் வீசினவர் கணக்குல ஏறக்கூடாது. விதி.”

“களத்துல இருக்கறவங்க செஞ்ச பிழைன்னா ஏறாது,” என்றார் ஓக்லி மென்மையாக. “நீங்க களத்துல இல்லையே ஆர்லன். மாடத்துல இருந்தீங்க.”

“ஹிட்டே கொடுக்காத மனுஷன் ஓட்டத்தை மட்டும் எப்படிக் கொடுத்தாரு?”

திரையில் பிரிஸ்கோ சற்று யோசித்தார். “அது அவரோட திறமை,” என்றார்.

டக்கெட்டின் எண் ஏழு புள்ளி சுழி ஒன்று என்று முடிந்தது.

பதினொரு மணிக்கு ஆர்லன் உடைமாற்றும் அறைக்குப் போனார். டக்கெட் தன் பொருட்களை அட்டைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார். மேலே மடிப்புக் கலையாத சட்டை ஒன்று இருந்தது: அவர் பெயர், நேற்றைய தேதி, ‘மறக்க முடியாத நாரை’. அணி அவரை விடுவித்த கடிதம் அதற்கடியில்.

“எனக்குத் தெரியும் சார்,” என்றார். “மார்லீன் அம்மா சொன்னாங்க. நேத்து நீங்க சொன்னதுக்கு நன்றி.”

“நான் முயற்சி பண்ணேன்.”

“ஆமா. கடைசில.” டக்கெட் காலணிகளைக் கயிற்றால் முடிந்தார். “எத்தனை சார்?”

“எது எத்தனை?”

“என் தலையில ஏத்தினது. நீங்க எண்ணாம இருந்திருக்க மாட்டீங்க.”

ஆர்லனுக்குப் பொய் வரவில்லை. கேட்டால் விடை சொல்லிப் பழகிய வாய். “ஆகஸ்ட் நடுவுல முப்பத்து நாலு. அப்புறம் ஏழு.”

“நாப்பத்தொண்ணு.” டக்கெட் அதை நாக்கில் வைத்துப் பார்ப்பவர்போலச் சொன்னார். “எல்லாத்தையும் கேக்கல சார். பாதி கூடக் கேக்கல. அதுல ஒண்ணு. ஏதாவது ஒரு செவ்வாக்கிழமை, ஊரே தூங்கிக்கிட்டு இருந்த ஆட்டத்துல, ஒண்ணே ஒண்ணு சரியாச் சொல்லியிருந்தா, இப்ப நான் ஏழுக்குக் கீழ. நேத்து அவங்க என்ன பண்ணியிருந்தாலும் என்னைத் தொட்டிருக்க முடியாது. அப்படித்தானே வருது கணக்கு?”

ஆர்லன் மனதுக்குள் கூட்டிக் கழித்தார். நூற்று நாற்பத்தொன்பது இன்னிங்ஸ், ஒரு ஓட்டம் குறைவு.

“அப்படித்தான் வருது,” என்றார்.

“சரி சார்.” டக்கெட் பெட்டியைத் தூக்கிக்கொண்டார். சட்டை வழுக்கித் தரையில் விழுந்தது. இருவருமே குனியவில்லை.

நவம்பரில் லீக்கிலிருந்து ஆர்லனுக்குக் கடிதம் வந்தது. மே மூன்றாம் தேதியிலிருந்து அவர் சொன்ன தீர்ப்புகளில் ஒன்றே ஒன்றுதான் மாற்றப்பட்டிருந்தது. லீக்கில் யாருக்கும் அந்த அளவு துல்லியம் இல்லை. அந்த ஒன்றையும் நேர்மையாகத் தன் பெயரில் ஏற்றுக்கொண்ட பண்பைப் பாராட்டி அவரை ஆண்டின் சிறந்த பதிவாளராக அறிவித்து, மூன்றாவது நாற்காலியை இன்னும் மூன்று வருடத்துக்குக் கொடுத்திருந்தார்கள். கையெழுத்திட வேண்டிய இடத்தில் பென்சிலால் ஒரு சிறு பெருக்கல் குறி இருந்தது.

பத்து நாள் அந்தக் கடிதம் சமையலறை மேசையில் கிடந்தது. பதினோராம் நாள் கையெழுத்துப் போட்டு அனுப்பினார்.

ஏப்ரலில் பருவம் தொடங்கியது. குளிர் காற்று ஏரியிலிருந்து வீசியது. ஊர் மக்கள் கம்பளிக்குள் டிக்கெட்டைப் பொத்திப் பிடித்திருந்தார்கள். முதல் இன்னிங்ஸ், இரண்டாவது பந்து. மட்டையில் பட்டு ஸ்டான்சிலை நோக்கி உருண்டது. அவர் அழகாகக் குனிந்தார். பந்து பின்னால் போனது.

மார்லீன் ஆர்லனைத் திரும்பிப் பார்த்தார்.

ஆர்லன் மைக்கை அழுத்தினார். “ஹிட்.”

பலகையில் விளக்கு எரிந்தது. மேட்டில் நின்று வீசியவர் புதியவர். ஷார்ட்ஸ்டாப்பை முறைத்தார், மண்ணைக் காலால் தேய்த்தார், நடுவரைப் பார்த்துக் கையை விரித்தார். மாடத்தை நிமிர்ந்து பார்க்க அவர் இன்னும் கற்றிருக்கவில்லை.